அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து

மேட்டூர் திறந்து ஒன்பதாம் நாள்.
திருவாரூருக்குத் தண்ணீர் இன்னும் வரவில்லை,
பதிவாளரின் கடிதம் வந்துவிட்டது:
மயக்கவியல் பேராசிரியர் மங்கையர்க்கரசி
மறு உத்தரவு வரும் வரை
கல்லூரி முதல்வர் (பொ).

அலுவலகக் கண்காணிப்பாளர் உத்திராபதி
புது ரப்பர் முத்திரையை மையில் தொட்டு
பழைய உறை ஒன்றில் குத்திக் காட்டினார்.
“பொ மட்டும் கொஞ்சம் மங்கலா விழுதும்மா.
அழுத்திக் குத்துனா சரியாயிடும்.”

பொறுப்பு என்று தெரியும்.
ஆனாலும் நாள் முழுக்க அந்த எழுத்து
தன் மிச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தது.
பொறு. பொழுது. பொத்தல்.
பொன்னாடை, அது மட்டும் காலையிலேயே மூன்று வந்தது,
மூன்றும் ஒரே கடை, ஒரே ஆரஞ்சு.

சுவர்ப் பலகையில் பதினொரு முதல்வர்கள்.
கடைசிப் பெயருக்கு எதிரே ‘முதல்’ இருக்கிறது,
‘வரை’ இல்லை.
கீழே நான்கு விரல் அகலத்துக்கு வெறும் வார்னிஷ்.
நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.
“பொறுப்பு ஆளுங்களை எழுதுற வழக்கம் இல்லைம்மா.
ரெண்டு வருசம் இருந்தவரையே எழுதல.”

நாற்காலி உண்டு. கார் உண்டு.
ஆகஸ்ட் பதினைந்து வரை நீடித்தால் கொடியேற்றலாம்.
ஐயாயிரத்துக்கு மேல் என் கையெழுத்து செல்லாது.
பிணவறைக் குளிர்பெட்டியின் கம்ப்ரஸரோ
நாற்பத்திரண்டாயிரம் கேட்கிறது.
இறந்தவர்களுக்கு
மறு உத்தரவு வரும் வரை என்று சொல்லிப் பார்க்க முடியாது.

முதல் வேலையாகத்
துறைகளுக்குத் தலைவர் போடச் சொன்னார்கள்.
மருந்தியலுக்கு ஜெகபர் நாச்சியா.
உடற்கூறியலுக்கு சௌரிராஜன்;
“பொண்ணு பன்னெண்டாவது மேடம், வேணாம்” என்றார்,
சொல்லிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினார்.
சட்ட மருத்துவத்துக்கு நான்கு பேரைக் கேட்டேன்.
ஆரோக்கியசெல்வி ஒருத்திதான்
எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை.
அதனாலேயே பயமாக இருந்தது.
எல்லோர் பெயருக்குப் பின்னாலும்
அதே எழுத்தை நானே குத்தினேன்.
தலைப்பில் ஒரு பலகையைத் தூக்கியதற்கு
கடைமடை வரை ஓடின அடைப்புக்குறிகள்.

இரவு ஒன்பதே கால். தொலைபேசி.
இரவுப்பணியில் இருந்த இரண்டு மயக்க மருத்துவர்களும்
மன்னார்குடி சாலை விபத்தோடு உள்ளே.
கூத்தாநல்லூர்ப் பெண், தலைப்பிரசவம்,
குழந்தையின் துடிப்பு இறங்குகிறது.
கோப்பை மூடாமல் ஓடினேன்.

முதுகை வளைத்துப் பிடித்துக்கொண்டாள்.
முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசிக்கான வழி
விரலுக்கு இன்னும் மறக்கவில்லை.
இடுப்புக்குக் கீழே எல்லாம் போனதும்
என் மணிக்கட்டைப் பற்றிக் கேட்டாள்:
“டாக்டரம்மா, காலு திரும்ப வருமா?”
“வரும்மா. தற்காலிகம்தான். ரெண்டு மணி நேரம்.”
காலையிலிருந்து என்னைக் குத்திய சொல்.
அவள் அதைக் கேட்டுக் கண்ணை மூடினாள்,
நிம்மதியாக.

முப்பது வருஷமாக வேறென்ன செய்தேன்.
அறுப்பது ஒரு கை, தைப்பது ஒரு கை,
நடுவில் உள்ள மூச்சு என்னுடையது.
அதற்கு யாரும் ஆணை அனுப்பியதில்லை.

பையன். இரண்டு கிலோ எழுநூறு.
அழ ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டான்,
அந்த நிமிஷத்தில் அறையில் யாருமே எந்தப் பதவியிலும் இல்லை.

கேஸ் ஷீட்டில் கையெழுத்திட்டுத் தள்ளினேன்.
செவிலியர் தாளைத் திருப்பினாள்.
“மேடம், இங்க எதுக்கு பொ?”

அடித்துவிட்டு
பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.

ஓடம்போக்கியில் தண்ணீர்
ஜூலை இரண்டாம் தேதி வந்தது,
ஒற்றைச் செருப்புகளையும் பாட்டில்களையும்
முன்னால் தள்ளிக்கொண்டு.
கம்ப்ரஸர் கோப்பு இன்னும் வரவில்லை.
உத்திராபதி முத்திரைக்கு மை ஊற்றுகிறார்.
அந்த எழுத்து இப்போது தெளிவாக விழுகிறது.